வாரம் மூன்று தடவை

திண்டுக்கல்லில் ஆட்டோ ஓட்டும் அமலோற்பவம், பிரேக் பார்க்க விட்டிருந்த வண்டியை எடுக்கப் போனாள். நாலாயிரம் ஆகும் என்றிருந்தார்கள். பில் பத்தொன்பதாயிரம் காட்டியது.

“என்ன தம்பி அநியாயம் இது? மாத்தினது ரெண்டு பிரேக் ஷூதானே?”

மெக்கானிக் பெரோஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ரேட்டை நான் போடலைக்கா, மெஷின் போடுது. உங்க வீட்டுக்கார அண்ணனை நீங்க வாரம் மூணு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறது அதுக்குத் தெரியும். தேவை அதிகம்னா கூலியும் அதிகம். கட்டாம வண்டி ஸ்டார்ட் ஆகாது.”

அவள் சண்டை போட்டாள், கெஞ்சினாள், கடைசியில் பஸ்ஸில் வீடு திரும்பினாள்.

விஷயத்தைக் கேட்ட அவள் கணவன் சவரிமுத்து, மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மறுத்துவிட்டார்.

“ஏங்க, உயிரோட விளையாடாதீங்க” என்று அவள் அழுதும் அவர் அசையவில்லை.

அன்று சாயங்காலம் அவள் போனில் பில் பதினைந்தாயிரமாகக் குறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் பல நாள் கழித்து சவரிமுத்து சிரித்தார்.

“பாத்தியா, ஒரு தடவை போகலைன்னதுமே இறங்குது! இன்னும் ரெண்டு தடவை விட்டுட்டா நமக்குக் கட்டுப்படியாகும்.”

வேண்டாம் என்று சொல்ல அமலோற்பவம் வாயெடுத்தாள். வீட்டில் இருந்தது எட்டாயிரம்தான். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய பாதங்களைப் பிடித்துவிட்டாள்.