கத்தும் பூட்டு

“இன்னிக்கும் வந்துட்டான்!”

கணவன் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“யாரு?”

“யாருன்னு தெரிஞ்சா நான் ஏன் இப்படி வெலவெலத்துப் போய் நிக்கறேன்? மத்தியானம் குழந்தையைத் தூங்க வெச்சுட்டு அப்பத்தான் தலையைச் சாய்க்கறேன்... பீப், பீப், பீப், பீப். உடனே வீல்னு கத்துது உங்க பூட்டு.”

“நம்பர் தப்புன்னா கத்தத்தான் செய்யும். அதுக்குத்தானே வாங்கினது?”

சாவியே இல்லாத பூட்டு. கால்குலேட்டரைக் கதவில் பதித்தது போல இருக்கும். சரியான நாலு எண்ணை அமுக்கினால் பச்சை விளக்கு எரிந்து திறந்துகொள்ளும். அந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லை. வந்த புதிதில் மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு அமுக்கி அமுக்கிக் காட்டினான். குழந்தையின் தூக்கம் கெடக்கூடாதென்று காலிங் பெல்லின் வயரையும் அன்றே பிடுங்கிவிட்டான். கதவில் எட்டிப் பார்க்கிற ஓட்டையைக்கூட அடைத்தாயிற்று. இப்படியொரு பூட்டு இருக்கும்போது அதெல்லாம் எதற்காம்?

“கத்தினதோட போய்த் தொலைஞ்சாலும் பரவாயில்லைங்க. இவ முழிச்சு அழறா. அழுது முடிக்கற வரைக்கும் அவன் அங்கேயே நிக்கறான். மூச்சு விடறது எனக்குக் கேக்குது. இவ அழுகையை நிறுத்தினப்புறம்தான் மெதுவாப் படியிறங்கறான். பிள்ளை பிடிக்கறவனேதான்!”

“மேல்வீட்டுப் பசங்க விளையாட்டா இருக்கும். பயந்து சாகாதே.”

“உங்கப்பாவாவது பகல்ல வந்து துணைக்கு இருக்கலாமில்ல?”

ஷூவின் முடிச்சு அவன் கையில் இன்னும் சிக்கிக்கொண்டது. “நம்பரைச் சொல்லித்தானே வெச்சிருக்கேன்? தட்டக்கூட வேணாம்ப்பா, நீங்க பாட்டுக்குத் திறந்துட்டு வாங்கன்னேன். மனசு இருந்தா வந்திருப்பார். மகள் வீட்டுச் சொகுசு விடலை.”

அதுதான் அவளுக்கும் ஆறவில்லை. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தை பிறந்த புதிதில் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார். “இருமல் நிக்கற வரைக்கும் உங்கக்கா வீட்டுல இருக்கட்டுமே” என்று சொன்னவள் அவள்தான். சொன்னது ஏதோ சில நாளுக்கு. மனிதர் போனவர் போனவர்தான். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, எட்டிப் பார்க்கவில்லை.

“நெஞ்சா, கருங்கல்லா?” என்று போனில் தன் அம்மாவிடம் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் படுக்கவில்லை.

பீப். பீப். பீப். பீப்.

வீல்!

குழந்தை திடுக்கிட்டு வீரிட்டது. வாரி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மற்ற கையில் கிடைத்தது இஸ்திரிப் பெட்டி. அதை ஓங்கிக்கொண்டு, முழங்கையால் கைப்பிடியை அமுக்கிக் கதவைத் திறந்தாள்.

“யாருடா...”

பாதிதான் வெளியே வந்தது.

வாசலில் மாமனார்.

அவர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார்.

“கசங்கித்தான்மா இருக்கு. அதுக்காக ஆளோட சேர்த்தா தேய்ப்பே?”

“மாமா! நீங்களா?” போன உயிர் திரும்பியதும் கூடவே கோபமும் வந்தது. “ஒரு குரல் குடுக்கக்கூடாதா? கதவைத் தட்டக்கூடாதா? தினம் தினம் செத்துப் பிழைக்கறேன் நான்!”

“தட்ட வேணாம்னு சொல்லிட்டானேம்மா.” இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். “இருமல் விட்டுடுச்சு. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். இருந்தாலும் நான் தள்ளியே நிக்கறேன்.”

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குழந்தை அழுகையை விட்டுவிட்டு அவரையே உற்றுப் பார்த்தது.

“நம்பர் மறந்துபோச்சா மாமா?”

“மறக்கறதாவது? ரெண்டு, ஏழு, ஏழு, நாலு. அவன் வாயாலேயே சொன்னான்.”

அவள் கதவிலிருந்த பூட்டைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டு வந்த நாளிலிருந்து நம்பர் ஒன்றுதான். அதில் ஏழே கிடையாது.

“அது... அவர் நடுவுல மாத்தினார் மாமா. உங்ககிட்ட சொல்ல மறந்திருப்பார்.”

“உனக்குப் பொய் சொல்ல வரலைம்மா.” சிரித்தார். “டிக்கெட் எடுத்தாச்சுன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கறவங்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்? நம்பர் சொன்னப்போ அவனும் அப்படித்தான் திரும்பிக்கிட்டான்.”

அவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். “உள்ள வாங்க மாமா.”

அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை.

“அவன் கூப்பிடட்டும்மா.”

“தப்பு நம்பர்னு தெரிஞ்சுமா தினமும் வந்து அமுக்கறீங்க?”

அவர் பேத்தியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பூட்டு கத்தினாத்தானேம்மா இவ அழுவா? இவ அழுதாத்தானே இவ குரல் எனக்குக் கேக்கும்?”