வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

பாகூர்க் கரும்புத் தோட்டத்துக் குடிசைக்குத் தனக்கொடி வந்து பன்னிரண்டு நாளாகிறது. ஊரில் பெரியம்மை பரவியிருந்தது. பிரெஞ்சு டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்த அன்றே அவளைத் தனியே வைக்கச் சொல்லிவிட்டார். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. சாயங்காலம் புருஷன் அரங்கநாதன் மட்டும் வருவான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்வான்.

“இன்னா, சாப்பிட்டியா?”

“களி கிண்டிச் சாப்பிட்டேன். புள்ள எப்படி இருக்கான்?”

“உன்னைக் கேட்டு அழுவுறான்.”

இன்று அவளால் பொறுக்க முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

“வூட்டுக்கு வரேன். எட்ட நின்னாவது அவன் முகத்தைப் பார்த்துட்டு வந்துடறேன்.”

அரங்கநாதன் அலறிக்கொண்டு பின்வாங்கினான். “கிட்ட வராதடி! அவனை இப்பத்தான் தூக்கிப் படுக்க வெச்சுட்டு வரேன். உடம்பு பூரா முத்து. நீரிழிவுக்காரி நீ, உனக்கும் ஒட்டிக்கிச்சுன்னா பொழைக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாரே!”

தனக்கொடி முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றாள்.

“நான் ஏன் வரலேன்னு அவன்கிட்ட இன்னா சொன்னீங்க?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“உனக்கும் அம்மை, தோட்டத்துல படுத்திருக்கேன்னு சொன்னேன். இல்லேன்னா, அம்மா வுட்டுட்டுப் போயிட்டான்னு நெனைப்பானே. அம்மாவுக்கு சீக்கிரம் எறங்கணும்னு தெனம் ஆத்தாளைக் கும்பிடுறான்.”

தனக்கொடி மெதுவாகத் திரும்பிக் குடிசைப் பக்கமே கரையேறினாள்.

“எறங்கிக்கிட்டு வருதுன்னு சொல்லுங்க.”