ஏழு முதல் ஏழு வரை

கிளாஸ்கோ பப்பில் ஒருவரின் தாடையை உடைத்த அப்பாவைப் பற்றி, தண்டனைக்கு முன் கோர்ட்டுக்கு அறிக்கை எழுத வீட்டுக்கு வந்திருந்தார் சமூகப் பணியாளர் மோரக். பதினைந்து வயது இஷ்பெல், நேற்று அப்பா சொல்லிக்கொடுத்த பதில்களை ஒப்பித்தாள். கேள்விகளும் அப்பா சொன்னபடியே, வரிசை மாறாமல் வந்தன.

“கோபம் வந்தா அப்பா இப்ப என்ன பண்றார், கண்ணு?”

“வாக்கிங் போயிடுறார், மிஸ்.”

பக்கத்தில் அம்மா, சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டுக் காயத்தை மறைத்துக்கொண்டாள்.

“அடடா, எவ்ளோ திருந்திட்டார்!” மோரக் டிக் அடித்தார். “ஜெயில் வேணாம்னு எழுதிடுறேன். கால்ல எலக்ட்ரானிக் கண்காணிப்புப் பட்டை மாட்டிட்டா, சாயங்காலம் ஏழுலேருந்து காலைல ஏழு வரைக்கும் வீட்டைவிட்டு நகர முடியாது. அதுவே பெரிய தண்டனைதானே! உங்களுக்குச் சம்மதமா?”

‘சம்மதம்’ என்றுதான் சொல்ல வேண்டும். இஷ்பெல் அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“அப்ப ராத்திரி கோபம் வந்தா எங்க மிஸ் வாக்கிங் போவார்?”

மோரக் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“இதுக்குக் கட்டமே இல்லையே!” சமையலறைப் பக்கம் திரும்பினார். “ஃபெர்கஸ், நம்ம ஆபீஸ்ல எங்க எல்லாருக்கும் இந்தப் படிவத்தைத் தயாரிச்சுக் கொடுத்ததே நீங்கதானே? உங்க பொண்ணு சொல்றதை எங்க எழுதணும்?”

“என்ன சொல்றா?” என்றபடி டீயோடு வந்தார் அப்பா.