நாற்பத்தேழு பற்கள்

ஒரு காரின் முன்சக்கரங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சென்சார்கள் இருந்தன. சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வளையத்தின் பற்களை எண்ணி, வேகத்தைப் பிரேக்குக்குச் சொல்வது அவற்றின் வேலை.

ஒருநாள் இடது சென்சார், "சுற்றுக்கு நாற்பத்தேழுதான் வருது. ஒரு பல் குறையுது" என்றது.

"எனக்கு நாற்பத்தெட்டு சரியா வருதே. கவனமா எண்ணிப் பாரு" என்றது வலது.

"எண்ணிட்டேன். வளையத்துலதான் ஒரு பல் உடைஞ்சிருக்கணும்."

"எண்ணத் தெரியலைன்னா சொல்லு. வளையத்து மேல பழி போடாதே."

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஸ்டீபன் வந்தார். இடது சென்சாரைத் தூக்கிப் போடுவதற்கு முன் எதற்கும் பார்த்துவிடலாம் என்று, இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். வண்டியைத் தெருமுனை வரை ஓட்டினார். விளக்கு மறுபடியும் எரிந்தது.

இடப்பக்கம் போன சென்சார் பதறியது. "எனக்கும் நாற்பத்தேழுதான் வருது. நீ சொன்னது நிஜம்தான். என்னைத் தூக்கிப் போட்டுடப் போறாரு, நீயும் ஒரு வார்த்தை சொல்லேன்."

வலப்பக்கம் வந்திருந்த சென்சார் ஒரு சுற்று எண்ணியது. நாற்பத்தெட்டு. நிதானமாக இன்னொரு சுற்றும் எண்ணியது.

"எனக்குச் சரியா வருதே" என்றது. "கவனமா எண்ணிப் பாரு."