நாலு சைபர்

"காதுக்குள்ள ஏதாச்சும் கேக்குதா மாமு?"

"ஒன்னியும் காணோம்டா. காலைல தலைக்கு ஊத்துன தண்ணிதான் கீது."

எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நின்றுகொண்டு, பெண் பார்க்க வந்த வல்லரசும் அவன் தோழன் அறிவும் ஒரு புளூடூத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வல்லரசின் அம்மாவும் சித்தியும் முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளை எங்கே என்று எந்த நிமிஷமும் குரல் வரலாம்.

வல்லரசு கன்டெய்னர் லாரி டிரைவர். நாற்பதடிப் பெட்டியை ரிவர்ஸில் எடுத்து ஒரு கோணல் இல்லாமல் நிறுத்திவிடுவான். அவனைக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் முன்னால் நிறுத்தினால் மட்டும் நாக்கு எழும்பாது. இப்படியே மூன்று இடம் கைநழுவிப் போனது. கடைசி இடத்தில் அவன் பேசியது மொத்தமே, "ஃபேன் நல்லா சுத்துது."

எழில்மொழியையும் அப்படிக் கோட்டைவிட அவனுக்கு மனசில்லை. தண்டையார்பேட்டை செல்போன் கடையில் வேலை பார்க்கும் அவளுடைய போட்டோ கைக்கு வந்ததிலிருந்து, எண்ணூர் ரோட்டில் மூன்று மணி நேரம் லாரி நகராமல் நின்றாலும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு: முடிக்குள் மறைத்த புளூடூத் இவன் காதில், போனோடு அறிவு கீழே டீக்கடையில்.

"சூப்பர்வைசர்னு சொல்வேன், சொல்லு. சொந்த வூடும்பேன், சொல்லு. நீயா வாயத் தொறந்த, நாலாவது எடமும் காலி."

வல்லரசின் போனை வாங்கி அறிவு மறுபடி தேடினான். புளூடூத்தின் பெயர் திரையில் இரண்டு தடவை வந்தது.

"இன்னாடா ரெண்டு காட்டுது?"

"பஜார் சரக்கு. அப்படித்தான் காட்டும்." மேலே இருந்ததை அமுக்கி, ரகசிய நம்பர் கேட்ட இடத்தில் நாலு சைபர் தட்டினான் அறிவு. கனெக்டட் என்று வந்தது. வல்லரசு காதிலிருந்ததைக் கழற்றிப் பார்த்தான்.

"நீலம் மட்டும் மின்னணும்னு பொட்டில போட்ருந்துச்சே? இதுல செவப்பும் சேந்து மின்னுது."

"ரெண்டு கலர் வந்தா டபுள் கனெக்‌ஷன்டா!" அதை அவன் காதில் திரும்ப மாட்டிவிட்டு, அந்தப் போனிலிருந்தே தன் நம்பருக்கு அடித்து, லைனை வெட்டாமல் வல்லரசின் பையில் போட்டுவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஓடினான் அறிவு.

படிக்கட்டை ஒட்டிய சமையலறை ஜன்னலில் பெண்ணின் அம்மா ரமாபாயின் குரல் கேட்டது. "பூ வைக்க எத்தினி நேரம்டி எழிலு?"

"தோ, ஆயிட்ச்சிம்மா!"

உள்ளே போய் உட்கார்ந்த வல்லரசின் காதில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. தலையைச் சாய்த்தான், தட்டினான், முடிக்குள் விரலை விட்டு பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான்.

"காது நோவுதா நைனா? எண்ண காச்சி வுடட்டா?" என்றாள் ரமாபாய்.

"வேணாங்க," என்று அலறினான் வல்லரசு.

எழில்மொழி வந்தாள். வலது காதை மூடித் தோளில் புரளும் அளவுக்கு மல்லிகை வைத்திருந்தாள். போட்டோ எடுத்தவனை உதைக்க வேண்டும் என்று வல்லரசுக்குத் தோன்றியது. பாதி அழகைக்கூட எடுக்கவில்லை அந்த ஆள்.

காப்பி முடிந்ததும், ரெண்டு பேரும் பேசட்டும் என்று பால்கனிக்கு அனுப்பினார்கள். கீழே டீக்கடை வாசலில் அறிவு போனைக் காதில் வைத்துக்கொண்டு, கையை வீசி வீசிப் பேசுவது தெரிந்தது. இவனுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

"இன்னா வேல பண்றீங்க?" என்று கேட்டாள் எழில்மொழி.

வல்லரசு காதை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தான். இனி யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்று தெரிந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"லாரி ஓட்றேங்க. கன்டெய்னர் லாரி."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வூடு சொந்தமா?"

"இல்லீங்க, வாடகதான். கொருக்குப்பேட்டைல, தண்டவாளத்தாண்ட. ரயிலு போனா பாத்திரம்லாம் ஆடும்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பில் வல்லரசுக்கு என்னமோ ஆகிவிட்டது. மீன் குழம்பு நன்றாக வைப்பேன், சோறுதான் குழைந்துவிடும் என்றான். மூன்று இடத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். ஃபேன் கதையைக்கூடச் சொன்னான். கீழே அறிவு தலையில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் குந்திவிட்டான்.

"எனக்குச் சம்மதங்க," என்றாள் எழில்மொழி.

வல்லரசு பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அப்படியே மூன்று மாடியும் குதித்து, குதித்த வேகத்தில் திரும்பி ஏறி வந்துவிடலாம் போலிருந்தது.

"நெஜமாவா? டிரைவருன்னு தெரிஞ்சுமா?"

"அவ்ளோ எடுத்துக் குடுத்தும் ஒரு பொய்கூட சொல்லலியே நீங்க."

"யாருங்க எடுத்துக் குடுத்தா?"

எழில்மொழி வலது காதோரத்து மல்லிகையை ஒதுக்கினாள். அவனுடையதைப் போலவே ஒரு புளூடூத் அங்கே இருந்தது. அதில் நீலம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"கடைல கூட வேல செய்ற ரெஜினா எனக்கு எடுத்துக் குடுக்கறேன்னு சொன்னா. பாத்தா, எவரோ ஒரு ஆளு வந்து சூப்பர்வைசர்னு சொல்லுங்கறாரு." அதைக் கழற்றி வல்லரசிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க தோஸ்து இன்னும் லைன்லதான் கீறாரு."