வெல்லம் கேட்ட ஆத்தா

எருமப்பட்டி மாரியம்மன் கோயில் வாசலில் கருப்பண்ணன் அரிவாளைச் சுழற்றினார். பூசாரியின் தோளில் வெட்டு விழுந்தது. தடுக்கப் போன மச்சினனின் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. கருப்பண்ணனுக்கு உடம்பெல்லாம் வியர்வை, கைகாலெல்லாம் நடுக்கம்.

“வெல்லம்... வெல்லம் குடு!” நாக்கு குழறியது.

“ஆத்தா வெல்லம் கேக்கறா!”

கூட்டம் விழுந்து கும்பிட்டது. பொங்கலுக்கு வைத்திருந்த வெல்லம் முழுவதையும் அம்மன் சிலையின் காலடியில் கொட்டியது. கருப்பண்ணன் அரிவாளோடு சாய்ந்தார்.

“ஆத்தா மலையேறிட்டா!”

நர்ஸ் சரிதா ஓடிவந்து அவர் விரலில் ஊசி குத்திப் பார்த்தாள்.

“ஆத்தாளுமில்ல, ஒண்ணுமில்ல! சர்க்கரை ஒரேயடியா எறங்கிருச்சு. ஆம்புலன்ஸக் கூப்புடுங்க! காலைல சர்க்கரை மாத்திரை போட்டாரா?”

“போடாம நான் உடுவனுங்களா?” என்றாள் மனைவி செல்லியம்மாள் பெருமையாக. “தீமிதி விரதம்னு சோறுதானுங்க தொடல.”