பாகுப் பதம்

வாயில் எடுத்த மடக்கை அவன் இன்னும் விழுங்கவில்லை.

முதலில் இனிப்பு வந்தது. பனங்கட்டிப் பாகு மாதிரி, நாக்கின் மேல் கனமாக. அதன் பின்னால் உலர்ந்த திராட்சை. நல்ல ஸ்காட்ச் ஏல் பியர் அப்படித்தான் இருக்கும். கறுப்பு, கனம், கடுமை. முளைகட்டி வறுத்த வாற்கோதுமையின் இனிப்புத்தான் அதில் எல்லாம். கசப்பு எங்கோ தூரத்தில் நிற்கவேண்டும்.

பிறகு அது வந்தது.

அடிப்பிடித்த சட்டி.

புகை இல்லை. கருகல். தொண்டை வாசலில் கரித்துண்டைத் தேய்த்த மாதிரி.

வைன் ருசிப்பவர்கள் துப்பிவிடலாம். பியர் ருசிப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. கசப்பின் கணக்குத் தொண்டையில்தான் தெரியும்.

விழுங்கினான்.

முகத்தை அசைக்கவில்லை. இந்த நடுவர் மேசையின் முதல் ஒழுங்கு அது. எழுதி முடியும்வரை பேச்சுக் கிடையாது. புருவம்கூட உயரக்கூடாது. ஒருவர் முகம் சுளித்தால் பக்கத்தில் இருப்பவரின் நாக்கும் கூடவே சுளித்துக்கொள்ளும்.

எதிரே தாடிக்காரர். பக்கத்தில் கண்ணாடி போட்ட பெண். இருவரும் இந்த ஊர்க்காரர்கள். மண்டபத்தின் கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கிண்ணங்களில் இலக்கம் மட்டும்தான். யார் காய்ச்சியது என்று நடுவர் யாருக்கும் தெரியாது.

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கருகலுக்கும் பின்னால், ஒளித்துக்கொண்டு, ஒரு துளி கறுவா.

குலேந்திரன்.

தானியத்தின் சாற்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துச் சின்னச் சட்டியில் பாகாகக் காய்ச்சுவார்கள். காய்ச்சி மற்றச் சாற்றோடு சேர்ப்பார்கள். அந்தச் சட்டிக்குள் ஒரு துண்டு கறுவாப்பட்டை போட்டு எடுப்பவன் இந்த நாட்டிலேயே குலேந்திரன் ஒருவன்தான். இருவரும் ஒரே வருடம் வந்தவர்கள். ஒரே அறையில் கிடந்தவர்கள்.

பாகின் பதம் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே கறுப்பு. கரண்டியால் தொட்டு நாக்கில் வைக்கவேண்டும். நாக்கு போதும் என்றால் இறக்கவேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கரி.

நாக்கு சொல்லாவிட்டால் மூக்குச் சொல்லும்.

போன வருடம் தொண்டையில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி போனது. மணமும் ருசியும் கூடவே போயின. சீனி போட்ட தேநீரும் போடாத தேநீரும் குலேந்திரனுக்கு ஒன்றாகிவிட்டன. பியர் ஆலையில் அவனைக் காய்ச்சுகிற வேலையிலிருந்து எடுத்துப் பீப்பாய் கழுவ விட்டார்கள்.

பனி விட்ட பிறகு ஒருநாள் குலேந்திரன் இவனுடைய வீட்டுக்குச் சாப்பிட வந்தான். குழம்பில் உப்புக் கூடிப்போயிருந்தது. இவன் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான். உப்புக் கூடிப்போச்சு என்று குலேந்திரன் சொன்னான்.

ருசி திரும்பிவிட்டது என்று இருவரும் கையைக்கூடக் கழுவாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் போட்டியில் தேறினால் திரும்பவும் காய்ச்சலாம் என்று ஆலை முதலாளி குலேந்திரனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் பீப்பாய்தான். அவர் பின்வரிசையில் ஈரக்கோட்டுடன் உட்கார்ந்திருந்தார். காலையில் பஸ்ஸில் குலேந்திரனின் வாய் ஓயவில்லை. உன்னையெல்லாம் நடுவராகப் போட்டவனுக்கு விசர், உனக்கு மிளகாய்த்தூளைத் தவிர வேறென்ன தெரியும் என்று கிண்டலடித்துக்கொண்டே வந்தான்.

தெரிந்தவரின் கைவேலை என்று பிடிபட்டால் நடுவர் மேசையை விட்டு எழுந்துவிடவேண்டும். எழுந்தால் அது யாருடைய ஏல் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். மண்டபத்தில் தமிழர் என்று இரண்டே பேர்.

எழாவிட்டால் எழுதவேண்டும்.

புள்ளியைக் கூட்டிப் போட்டால் மற்ற இருவரும் கீழே இழுப்பார்கள். மூன்று பேரின் புள்ளியும் கிட்டக்கிட்ட நிற்கவேண்டும், இல்லையென்றால் காரணம் கேட்பார்கள். நல்ல ஏலுக்கு நடுவர்கள் அதிகம் எழுதுவதில்லை. தாடிக்காரரின் பேனாவும் அந்தப் பெண்ணின் பேனாவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

அவனுடைய பேனா மூடியபடி கிடந்தது.

தண்ணீர்ச் சாடியும் பாண் தட்டுமாகக் குலேந்திரன் வந்தான். ஏல் அனுப்பியவர்களில் சிலர் மேசைகளுக்கு உதவியாகவும் நிற்பார்கள். பாண் துண்டை மென்றால் முந்திய ருசி நாக்கைவிட்டுப் போகும். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தான். மேசையில் இருந்த கிண்ணத்தின் இலக்கத்தைப் பார்த்தான். சாடியைச் சரித்தான். தண்ணீர் வேண்டுமா என்று விசாரிக்கிற தோரணையில் குனிந்தான்.

"இனிக்குதோ மச்சான்?"

தண்ணீர் நிரம்பி விளிம்பில் நின்றது.

ருசி தெரிந்து காய்ச்சியவன் கேட்கிற கேள்வியா அது.

அவன் கிண்ணத்தைக் குலேந்திரன் பக்கம் தள்ளினான். மிஞ்சியதை உதவிக்கு நிற்பவர்கள் குடிப்பதுண்டு. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

குலேந்திரன் சாடியை வைத்தான். கிண்ணத்தை எடுத்தான். மணந்து பார்க்கவில்லை. வாய் நிறைய ஒரு மடக்கு எடுத்தான்.

கண்ணை மூடவில்லை.

அவனுடைய முகத்தையே பார்த்தான். அன்று குழம்பில் உப்பு என்று சொல்வதற்கு முன் பார்த்த மாதிரி.

இத்தனை வருடம் அசையாமல் வைத்திருக்கப் பழகிய முகம். இப்போது எந்தப் பக்கம் அசையவேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

குலேந்திரன் இன்னும் விழுங்கவில்லை.